சன்னத்தின் நிறையும் வேட்டைக்காரனின் பொறுப்பும்: ஜக் ஓகொனரின் வாழ்வு

வட அமெரிக்க மலைநாடுகளில் இலையுதிர்காலம் வேட்டைக்காலமுமாகும். எல்க் என்னும் பெருமானைச் சுடுவதற்கு எத்தகைய சன்னம் ஏற்றது என்ற வாதம் அங்கு ஆண்டுதோறும் எழுவதுண்டு. முன்னாளில் ஆங்கிலேயர் இலங்கையின் மரையையும் இப்பெயராலேயே அழைத்தனர். ஆனால் நாம் கூறுவது றொக்கி மலைத்தொடரில் வாழும் வேறோர் இனத்தை. இதன் வளர்ந்த ஆண், 300 கிலோவுக்கும் மேற்பட்ட நிறையை எட்டவல்லது. இவ்வாதத்திலிருந்து பிரிக்க முடியாத பெயர் ஜக் ஓகொனர்.

1902 ஜனவரி 22ஆம் நாள் அரிசோனாவின் நொகாலெஸ் நகரில் அவர் பிறந்தார். அரிசோனா அப்போது மாநிலத் தகுதியேனும் பெற்றிருக்கவில்லை. பெற்றோர் பிரிந்துவிட, தாய்வழிப் பாட்டனாரே அவருக்கு வேட்டையைக் கற்பித்தார். கல்வியை முடித்து ஆசிரியரான ஓகொனர், 1934இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அங்கு இதழியல் கற்பித்த முதற் பேராசிரியரானார். நாவல்களும் எழுதினார். எனினும் அவருக்குப் புகழ் தேடித் தந்தது அவுட்டோர் லைஃப் என்னும் சஞ்சிகையே. 1941 முதல் 1972 வரை அதன் துப்பாக்கிப் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது.

1925இல் வின்செஸ்ரர் நிறுவனம் .270 என்னும் புதிய ரவையை வெளியிட்டிருந்தது. அதன் சன்னம் 130 கிறெயின், அதாவது 8.4 கிராம் நிறையே உடையது. ஆயினும் விநாடிக்கு ஏறத்தாழ 950 மீற்றர் வேகத்தில் பாய்வது. தொலைவிலும் அதிகம் தாழாது சென்று குறியை அடைவது. துப்பாக்கியின் உதைப்பும் தாங்கக்கூடியதே. உதைப்புக்கு அஞ்சி விசையை இழுக்கையில் தோள் நடுங்குபவன் எத்துணைப் பெரிய சன்னத்தாலும் பயன்பெறான். அமைதியாகக் குறிபார்த்து நெஞ்சறையில் செலுத்தும் சிறு சன்னமே போதும் என்பது ஓகொனரின் கொள்கை. சிறந்த வேட்டைக்காரியான அவர் மனைவி எலினோர், உதைப்புக் குறைந்த 7 மில்லிமீற்றர் மவுசர் றைபிளையே விரும்பிக் கையாண்டார்.

இக்கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர் எல்மர் கீத். ஐடஹோ மாநிலத்தின் சமன் நகரில் வாழ்ந்த அவர், பண்ணைத் தொழிலிலும் வேட்டை வழிகாட்டலிலும் பழுத்தவர். அடர்ந்த காட்டில் எல்க் ஓடும்போது அதன் பின்புறமே கண்ணிற் படும். அத்தருணத்தில் தசையையும் எலும்பையும் ஊடுருவி உயிர்நிலையை எட்டுவதற்குக் குறைந்தது 250 கிறெயின் நிறையுள்ள தடித்த சன்னம் வேண்டும் என்றார் அவர். 1948இல் ஓகொனரும் ஐடஹோவின் லூயிஸ்ரன் நகருக்குக் குடிபெயர்ந்தார். ஒரே மாநிலத்தில் வாழ்ந்தபோதும் இருவரின் பூசல் இறுதிவரை ஓயவில்லை.

இப்பூசலை வெறும் பிடிவாதமென நாம் ஒதுக்கிவிடலாகாது. சன்னம் என்பது செப்பு உறையினுள் ஈயம் பொதிந்தது. அது மிக மென்மையாயின் தோளெலும்பிற் பட்டுச் சிதறிவிடும். மிக வன்மையாயின் விரியாமலே மறுபுறம் வெளியேறிவிடும். இரண்டிலும் துன்புறுவது விலங்கே. காயத்துடன் ஓடி மறைந்து, நாட்கணக்கில் துடித்து இறக்கும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சேறு படிந்த ஒரு மூஸ் மீது தமது சன்னங்கள் பயனற்றுப் போனதைக் கண்ட ஜோன் நொஸ்லர், நடுவே செப்புத் தடுப்புடைய சன்னத்தை உருவாக்கினார். முற்பாதி விரிய, பிற்பாதி சிதையாது ஊடுருவும். 1948 முதல் விற்பனைக்கு வந்த இச்சன்னத்தால், நிறை குறைந்த ரவைகளும் பெரிய விலங்குகளுக்கு ஏற்றவையாயின.

1978 ஜனவரி 20ஆம் நாள், எழுபத்தாறு வயது நிறைய இரு நாட்களே இருக்கையில், கடற்பயணத்தின்போது ஓகொனர் காலமானார். கீத் 1984இல் மறைந்தார். லூயிஸ்ரன் அருகே ஓகொனரின் பெயரில் அருங்காட்சியகம் ஒன்று உண்டு.

வேட்டையை வெறுப்போரும் நம்மிடையே பலர். அவர்களும் ஒன்றை ஏற்பர்: ஓர் உயிரைப் பறிக்கத் துணிபவன், அதை வதைக்காமல் முடிக்கும் கடமையையும் ஏற்கிறான். சன்னத்தின் நிறை குறித்து முரண்பட்ட இவ்விருவரும் அக்கடமையில் முரண்படவில்லை. சுடும் வாய்ப்பு வந்தும், குறி தெளிவாகாதபோது துப்பாக்கியைத் தாழ்த்துபவனே நல்ல வேட்டைக்காரன் என நாம் கருதுகிறோம்.