லூயி பிரெயில்

லூயி பிரெயில் (சனவரி 4, 1809 – சனவரி 6, 1852) பார்வையற்றோர் விரல் நுனியால் தொட்டுப் படிக்கவும் தாமே எழுதவும் உதவும் பிரெயில் புடையெழுத்து முறையை உருவாக்கிய பிரான்சு நாட்டு ஆசிரியர் ஆவார். மூன்று வயதில் நேர்ந்த விபத்தைத் தொடர்ந்து பார்வையை இழந்த இவர், தம் பதினைந்தாம் வயதிலேயே இம்முறையின் அடிப்படையை வகுத்துவிட்டார். ஆறு புள்ளிகளைக் கொண்ட இக்குறியீட்டு முறை உலகின் பல மொழிகளுக்கும் தகவமைக்கப்பட்டுள்ளது. தமிழும் அவற்றுள் ஒன்று. கணினித் திரையில் உள்ள உரையைப் பார்வையற்றோர் தொட்டுப் படிக்க உதவும் கருவிகளும் இப்புள்ளிகளையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

பிறப்பும் இளமையும்

பாரிசு நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் லூயி பிறந்தார். தந்தை சிமோன்-ரெனே பிரெயில் குதிரைகளுக்கான சேணமும் தோல்வார்களும் செய்து விற்றவர். தாய் மோனிக். நான்கு பிள்ளைகளில் லூயியே கடைக்குட்டி.

1812 ஆம் ஆண்டில் தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது தோல் குத்தும் கூரிய கருவி ஒன்று சிறுவனின் ஒரு கண்ணில் பாய்ந்தது. நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்துகள் அறியப்படாத காலம் அது. காயத்தில் ஏற்பட்ட தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாகும்போது லூயி பார்வையை முற்றிலும் இழந்திருந்தார்.

அக்காலத்தில் பார்வையற்ற ஏழைச் சிறுவர்களில் பலருக்குப் பிச்சையெடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. லூயியின் பெற்றோர் மகனை அவ்வாறு விட்டுவிடவில்லை. தந்தை அவருக்குத் தடி செய்து கொடுத்து ஊர்ப்பாதைகளில் நடக்கப் பழக்கினார். ஊர்ப் பாதிரியார் சாக் பலூயி அவருக்குத் தொடக்கக் கல்வி அளித்தார். பள்ளி ஆசிரியரும் மற்ற மாணவர்களுடன் சேர்ந்து வகுப்பில் அமர இடம் தந்தார். காதால் கேட்டதை மனத்தில் நிறுத்திக்கொள்வதில் லூயி சிறந்து விளங்கினார். எனினும் மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்தபோது அவரால் கேட்டுக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது.

பாரிசுப் பள்ளி

1819 பெப்ரவரியில், தம் பத்தாம் வயதில், லூயி பாரிசில் இருந்த பார்வையற்ற இளைஞருக்கான அரச பள்ளியில் உதவித்தொகையுடன் சேர்க்கப்பட்டார். இப்பள்ளி வலான்டின் ஹாவி என்பவரால் 1785 இல் தொடங்கப்பட்டது. பார்வையற்றோருக்கெனத் தொடங்கப்பட்ட பள்ளிகளுள் உலகிலேயே மிகப் பழமையானது இதுவே. அப்போது பள்ளி இயங்கிய கட்டடம் முன்னர் ஒரு குருமடமாக இருந்து, பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையாகவும் பயன்பட்டது. ஈரம் ஊறிய சுவர்களும் குறுகிய அறைகளும் கொண்ட அக்கட்டடத்தில் மாணவர்கள் அடிக்கடி நோயுற்றனர். லூயிக்குப் பின்னாளில் வந்த காசநோய்க்கும் இவ்விடமே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர்.

மாணவர்கள் படிப்பதற்கென ஹாவி ஒரு முறையை உருவாக்கியிருந்தார். ஈரமான தடித்த தாளை அச்செழுத்துகளின் மீது அழுத்தி, வழக்கமான இலத்தீன் எழுத்துகளைப் புடைப்பாக எழச்செய்வதே அம்முறை. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவித் தடவி அறிய வேண்டியிருந்ததால் ஒரு வரியைப் படிக்க வெகுநேரம் பிடித்தது. நூல்கள் அளவில் பெரியவை, எடை மிகுந்தவை. எனவே பள்ளியில் இருந்த நூல்களும் மிகச் சிலவே. எல்லாவற்றுக்கும் மேலாக, இம்முறையில் மாணவர்களால் தாமாக எழுத இயலாது. இந்த எழுத்து பார்வையுள்ளோரின் கண்ணுக்கு ஏற்றது. அதைப் புடைத்து எழச்செய்ததால் மட்டும் விரலுக்கு ஏற்றதாகிவிடவில்லை.

பார்பியேயின் புள்ளிகள்

முன்னாள் பீரங்கிப்படை அதிகாரியான சார்லசு பார்பியே 1821 இல் தம் புள்ளி எழுத்து முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். போர்க்களத்தில் விளக்கின்றிச் செய்தி படிப்பதற்காக நெப்போலியனின் ஆணைப்படி இது உருவாக்கப்பட்டது என்னும் கதை பல நூல்களில் காணப்படுகிறது. இதற்குப் போதிய சான்று இல்லை என்றும், முறையான கல்வி கிட்டாத மக்கள் எளிதில் எழுதப் படிக்க வேண்டும் என்பதே பார்பியேயின் முதன்மை நோக்கம் என்றும் அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

பார்பியே பிரெஞ்சு மொழியின் ஒலிகளை ஆறு வரிசை, ஆறு நிரல் கொண்ட கட்டத்தில் அடுக்கினார். இரு நெடுவரிசைகளில் இடப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை, குறித்த ஒலி கட்டத்தில் எங்குள்ளது என்பதைக் காட்டும். ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. புள்ளிகளைக் குத்துவதற்கான சட்டத்தையும் எழுத்தாணியையும் அவரே வடிவமைத்தார். மாணவர்கள் முதன்முறையாகத் தம் கையால் எழுதி, எழுதியதைத் தாமே படித்தனர்.

ஆனால் குறைகள் விரைவில் தெரியவந்தன. பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவில்லை. ஒலிகளை மட்டுமே குறித்ததால் சொற்களின் சரியான எழுத்துக்கூட்டலைக் கற்க முடியவில்லை. நிறுத்தக்குறிகள், எண்கள், இசைக்குறிகள் எவற்றுக்கும் இடமில்லை.  தம் முறைக்குப் பார்பியேயின் முறையே அடித்தளம் என்பதைப் பின்னாளில் லூயி தம் நூலில் வெளிப்படையாகவே பதிவு செய்தார்.

ஆறு புள்ளிகள்

வகுப்பு முடிந்த இரவுகளிலும், விடுமுறையில் கூவ்ரேயிலும் லூயி இடைவிடாமல் புள்ளிகளைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 1824 இல் முறையின் பெரும்பகுதி நிறைவடைந்தது. அவர் செய்த மாற்றங்களுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது, பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தது. இரண்டு நிரல், மூன்று வரிசை கொண்ட கட்டம் விரலை நகர்த்தாமலேயே ஒரே தொடுகையில் உணரக்கூடியது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் மட்டுமே. இரண்டாவது, ஒலிகளுக்கு மாறாக எழுத்துகளையே குறித்தது. இதனால் அச்சு நூலில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே மாற்றி எழுத முடிந்தது.

ஒவ்வொரு புள்ளியும் புடைத்திருக்கலாம் அல்லது இல்லாதிருக்கலாம் என்பதால் ஆறு புள்ளிகளில் 64 சேர்க்கைகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று வெற்றிடம். எஞ்சிய 63 குறிகளும் பயன்பாட்டுக்குரியவை. கணினி அறிவியல் படித்தோர் இதை ஆறு இருமங்களைக் கொண்ட குறிமுறையாக உடனே இனங்காண்பர்.

குறிகள் ஒழுங்கின்றி வழங்கப்பட்டவை அல்ல. முதல் பத்து எழுத்துகள் மேலுள்ள நான்கு புள்ளிகளை மட்டும் பயன்படுத்துகின்றன. அவற்றுடன் இடப்பக்கக் கீழ்ப்புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து எழுத்துகள் வரும்; வலப்பக்கக் கீழ்ப்புள்ளியையும் சேர்த்தால் அதற்கடுத்த வரிசை வரும். ஆங்கில 'டபிள்யூ' மட்டும் இவ்வொழுங்கில் வராது. அன்றைய பிரெஞ்சு நெடுங்கணக்கில் அவ்வெழுத்து இடம்பெறாததால் அது பின்னரே சேர்க்கப்பட்டது. முதல் பத்து எழுத்துகளின் முன் எண்குறியை இட்டால் அவை எண்களாகும்.

எழுதுபவர் தாளைச் சட்டத்தில் பொருத்தி, பின்புறமாக வலமிருந்து இடமாகக் குத்துகிறார். தாளைத் திருப்பினால் புள்ளிகள் இடமிருந்து வலமாகப் படிக்கும்படி அமையும். லூயியின் பார்வையைப் பறித்ததும், பின்னர் அவர் எழுதப் பயன்படுத்தியதும் கூரிய குத்துக்கருவிகளே என்பதைப் பலரும் வியந்து குறிப்பிடுவதுண்டு.

சொற்கள், இசை, தேவாலயப் பாடல் ஆகியவற்றைப் புள்ளிகளால் எழுதும் முறையை விளக்கும் அவரது நூல் 1829 இல் வெளிவந்தது. அந்நூல் ஹாவியின் பழைய புடைப்பெழுத்திலேயே அச்சிடப்பட்டது. முதல் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. அவற்றை எழுத்தாணியால் எழுதுவது கடினமாக இருந்ததால் 1837 இல் வந்த திருத்திய பதிப்பில் கோடுகள் நீக்கப்பட்டன. பயன்படுத்துவோரின் பட்டறிவைக் கொண்டு ஒரு சீர்தரத்தைத் திருத்தியமைத்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆசிரியப் பணி

1828 இல் துணை ஆசிரியராகவும் 1833 இல் முழு ஆசிரியராகவும் லூயி அதே பள்ளியில் அமர்த்தப்பட்டார். வரலாறு, இலக்கணம், கணிதம் முதலிய பாடங்களைக் கற்பித்தார். செல்லோ, ஆர்கன் ஆகிய இசைக்கருவிகளில் தேர்ச்சி பெற்றிருந்த இவர் 1834 முதல் பாரிசின் செயின்ட் நிக்கொலா தே சான் தேவாலயத்தில் ஆர்கன் இசைஞராகவும் பணியாற்றினார்.

பார்வையற்றோர் தமக்குள் எழுதிக்கொள்ள ஆறு புள்ளிகள் போதும். வீட்டில் உள்ள பெற்றோருக்கு எவ்வாறு கடிதம் எழுதுவது? இதற்கு விடையாக 1839 இல் பத்துப்புள்ளி முறையை லூயி வெளியிட்டார். இதில் வழக்கமான இலத்தீன் எழுத்தின் வடிவமே புள்ளிகளால் வரையப்படுகிறது. எனவே அதைக் கண்ணாலும் படிக்கலாம், விரலாலும் படிக்கலாம். கணக்கிட்டுப் புள்ளி புள்ளியாகக் குத்துவது மெதுவாக நடந்தது. பார்வையற்ற பொறியாளரான பியேர் பூக்கோ 1841 இல் இதற்கென ஓர் எழுதுபொறியை உருவாக்கினார். நூற்றாண்டு கடந்து வந்த புள்ளியச்சுப் பொறிகளும் எழுத்தைப் புள்ளிகளாலேயே உருவாக்கின.

எதிர்ப்பு

1821 முதல் பள்ளி இயக்குநராக இருந்த பினியே, பிரெயில் முறையை ஆதரித்தார். எனினும் அது பள்ளியின் அலுவல்முறை எழுத்தாக ஏற்கப்படவில்லை. 1840 இல் பினியே விலக்கப்பட்டு, துஃபோ இயக்குநரானார். பார்வையற்றோரின் எழுத்து மற்றவர்களின் எழுத்திலிருந்து வேறுபட்டால் அவர்கள் சமூகத்திலிருந்து மேலும் விலகிப்போவர் என்பது அன்றைய எதிர்ப்பாளர்களின் வாதம். புள்ளி எழுத்து ஒதுக்கப்பட்டு, புதிய வகைப் புடைப்பெழுத்து நூல்கள் கொண்டுவரப்பட்டன.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பொது எழுத்திலிருந்து பிரிவது உண்மையிலேயே ஓர் இழப்பு. ஆனால் முடிவெடுத்த பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் புள்ளிகளைக் கற்பது சுமையாகவும் இருந்தது. எந்த எழுத்து எளிது என்று விரலால் படிப்போரிடம் கேட்கப்படவில்லை. மாணவர்களோ மறைவாகப் புள்ளிகளிலேயே எழுதிப் பழகினர்; மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தனர்.

துணை இயக்குநராக இருந்த குவாதே, மாணவர்கள் கைவிடாத ஒன்றை நிருவாகத்தால் ஒழிக்க முடியாது என்பதை உணர்ந்து துஃபோவின் மனத்தை மாற்றினார். பழைய கட்டடத்தின் அவலத்தைக் கவிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான லாமார்த்தீன் 1838 இல் அவையில் எடுத்துரைத்ததைத் தொடர்ந்து புதிய கட்டடம் எழுப்பப்பட்டது. 1844 பெப்ரவரியில் நடந்த அதன் திறப்பு விழாவில் பிரெயில் முறை பொதுமக்கள் முன் செய்துகாட்டப்பட்டது. லூயியும் அங்கிருந்தார்.

மறைவு

இருபதுகளின் நடுவிலேயே தொடங்கிய காசநோய் லூயியைப் படிப்படியாக நலிவடையச் செய்தது. பலமுறை கூவ்ரேக்குச் சென்று ஓய்வெடுத்துத் திரும்பினார். தம் 43 ஆம் பிறந்தநாளுக்கு இரு நாட்கள் கழித்து, சனவரி 6, 1852 அன்று பள்ளியின் மருத்துவப் பிரிவில் காலமானார். உடல் கூவ்ரேயில் அடக்கம் செய்யப்பட்டது. 1854 இல்தான் பிரான்சு இம்முறையை அலுவல்முறையாக ஏற்றது.

உலகச் சீர்தரமாதல்

1878 இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு பிரெயில் முறையைப் பரிந்துரைத்தது. ஆயினும் ஒன்றுபட்ட முறை உடனே அமைந்துவிடவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் புள்ளி, அமெரிக்க பிரெயில், பிரித்தானிய பிரெயில் ஆகியவை பல ஆண்டுகள் போட்டியிட்டன. இது புள்ளிகளின் போர் எனவே அழைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு வகையில் மற்றதைவிடச் சிறந்தது என அதன் ஆதரவாளர்கள் நிறுவ முயன்றனர். இடையில் அகப்பட்ட வாசகர்களோ கிடைக்கும் நூல்களைப் படிக்கப் பல குறிமுறைகளைக் கற்க வேண்டியிருந்தது. ஹெலன் கெல்லரும் அவர்களுள் ஒருவர். 1932 இல்தான் பிரித்தானியாவும் அமெரிக்காவும் பொதுவான ஆங்கிலப் பிரெயிலுக்கு உடன்பட்டன.

இந்தியாவிலும் ஒரே மொழிக்குக்கூட வெவ்வேறு பிரெயில் முறைகள் வழங்கின. யுனெசுகோவின் முயற்சியைத் தொடர்ந்து 1951 இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. இந்திய மொழிகள் பலவற்றிலும் ஒரே ஒலிக்கு ஒரே குறி என்பதே இதன் அடிப்படை. தமிழின் 'அ' இலத்தீன் 'ஏ' எழுத்தின் குறியையும், 'க' அதன் 'கே' குறியையும், 'ம' அதன் 'எம்' குறியையும் பெற்றன. 'கெ' என எழுதும்போது அச்சில் கொம்பு முன்னே நிற்கும். பிரெயிலில் மெய்க்குரிய குறி முதலிலும் உயிர்க்குரிய குறி அடுத்தும் வரும். பின்னாளில் ஒருங்குறியும் தமிழை இவ்வொலி வரிசையிலேயே சேமிக்கிறது.

கணினியில் பிரெயில்

கணினிப் பயன்பாட்டுக்காகக் கீழே மேலும் இரு புள்ளிகள் சேர்க்கப்பட்டு எட்டுப்புள்ளிப் பிரெயில் உருவானது. இதன் 256 வடிவங்களும் 1999 இல் வெளியான ஒருங்குறி 3.0 பதிப்பில் இடம்பெற்றன. பிரெயில் காட்டிகளில் சிறு ஊசிகள் மின்விசையால் எழுந்து தாழ்ந்து திரையின் உரையை வரி வரியாக விரலுக்குத் தருகின்றன. உரை இல்லாத இடத்தில் ஊசிகளுக்கு வேலை இல்லை. ஒரு பொத்தானை வெறும் படமாக வைத்து அதற்கு மாற்று உரை தராவிட்டால் அப்பொத்தான் எதற்கானது எனப் பயனரால் அறிய இயலாது. இதனாலேயே உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999 இல் வெளியிட்ட வலை உள்ளடக்க அணுக்க வழிகாட்டல்களின் முதல் விதியே மாற்று உரை பற்றியது. 2008 இன் இரண்டாம் பதிப்பு, அத்தகைய உரையை மாற்றித் தரக்கூடிய வடிவங்களுள் ஒன்றாகப் பிரெயிலைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

எழுத்தைப் பிரெயிலாக மாற்றும் கட்டற்ற மென்பொருள் நிரலகம் ஒன்றுக்கு இவரது நினைவாக லிப்லூயி எனப் பெயரிடப்பட்டுள்ளது. பார்வையற்ற ஆத்திரேலிய நிரலாளர் ஒருவர் 2006 இல் தொடங்கிய என்விடிஏ திரைபடிப்பானும் இந்நிரலகத்தைப் பயன்படுத்துகிறது.

நினைவுகள்

இறந்து நூறாண்டு நிறைந்த 1952 இல் இவரது உடல் பாரிசின் பாந்தியன் நினைவகத்துக்கு மாற்றப்பட்டது. கைகளின் எச்சங்கள் மட்டும் ஒரு கலசத்தில் கூவ்ரேயிலேயே வைக்கப்பட்டன. இருநூறாம் பிறந்த ஆண்டான 2009 இல் இந்தியா இரண்டு ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2018 இல் எடுத்த முடிவின்படி 2019 முதல் சனவரி 4 உலகப் பிரெயில் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1999 சூலையில் டீப் சுபேசு 1 விண்கலம் அருகே கடந்து சென்ற 9969 ஆம் எண் சிறுகோளுக்கும் பிரெயில் என்பதே பெயர்.