ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

இரசாயனம் எமது பாடமன்று. மடவளையில் தமிழ் கற்பிக்கும் எம்மிடம் நம் இந்துக் கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றைக் கேட்டபோது, புலவர் ஒருவரைப் பற்றியே எழுதுவோம் என நண்பர்கள் எதிர்பார்த்திருப்பர். ஆயினும், மாணவராயிருந்த நாளில் செம்புத் துண்டின்மீது நைத்திரிக்கமிலத்தை ஊற்றி, கபிலநிறப் புகை எழக் கண்டு அஞ்சி விலகிய நினைவு இன்னும் நீங்கவில்லை. அப்புகையோடு நெடுங்காலம் பழகிய ஒருவரையே தெரிந்துகொண்டோம்.

பிரபுல்ல சந்திர ராய் 1861 ஆகஸ்டு 2ஆம் நாள், இன்று வங்காளதேசத்திலுள்ள ராருளிக் கிராமத்திற் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் வயிற்றுளைவு நோய் பற்றியதனாற் கல்வி தடைப்பட்டது. அக்காலத்தில் தந்தையாரின் நூல்நிலையமே ஆசானாயிற்று. 1882இல் கில்கிறைஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோ சென்று, 1887இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். மீண்டு வந்தவர் ஏறக்குறைய ஓராண்டு வேலையின்றியிருந்தார். 1889இல் கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரியில் மாதம் 250 ரூபா வேதனத்தில் தற்காலிகப் பதவி கிடைத்தது. உயர்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியனவாயிருந்த காலம் அது.

அவர் புகழ் ஒரு தற்செயலில் தொடங்கிற்று. இரசத்தின் நைத்திரேற்று உப்பைச் செய்யக் கருதி, குளிர்ந்த, நீர் கலந்த நைத்திரிக்கமிலத்தை மிகுதியான இரசத்தின்மேல் வார்த்து வைத்தார். இரசத்தின்மீது மஞ்சள்நிறப் பளிங்குகள் படிந்தன. முதலில் அதனை ஒரு மூல உப்பென எண்ணினார். ஆனால் அமிலம் மிக்க கரைசலில் மூல உப்பு எவ்வாறு தோன்றும்? இவ்வினா அவரை விடவில்லை. பகுத்து ஆராய்ந்தபோது அது மேர்க்குரசு நைத்திரைற்று எனத் தெளிந்தது. எளிதிற் சிதையும் இயல்புடைய இருபகுதிகள் கூடி நிலைத்த ஓர் உப்பாயின, வியப்பு அதுவே. 1896இல் வங்க ஆசியக் கழகத்தின் ஏட்டில் அதனை வெளியிட்டார். 1980களில் எக்ஸ்கதிர் கொண்டு அதன் அமைப்பை ஆராய்ந்தவர்களும் அச்சேர்வை உண்மையென்றே கண்டனர். நாமாயின் அம்மஞ்சட் படிவைக் கழுவி ஊற்றியிருப்போம்.

அதன்பின் நைத்திரைற்றுக்களே அவர் உலகமாயின. சூடாக்கினால் நைதரசனும் நீருமாய்ப் பிரிந்துவிடும் அமோனியம் நைத்திரைற்றை, வெற்றிடத்தில் பெரும்பாலும் சிதையாமலே ஆவியாக்கி, அவ்வாவியின் அடர்த்தியையும் அளந்தார். 1912இல் இலண்டனில் இதனை அறிவித்தபோது சேர் வில்லியம் இராம்சே பாராட்டினார். நைதரசன் ஒட்சைட்டுக்களின் கதை அவரோடு முடியவில்லை. 1960களில், பிளாட்டினம் அறுபுளோரைட்டுப் போன்ற சேர்வைகள் நைத்திரிக்கு ஒட்சைட்டிலிருந்து ஓர் இலத்திரனைப் பறித்து உப்பாக மாறுவதை அறிஞர் கண்டனர். அத்தகைய புளோரைட்டுக்கள் ஈரக்காற்றையும் பொறுக்கமாட்டா. ராய் அவர்கள் கையாண்டவையோ கண்ணாடிக் குடுவையும் இரசமுமே.

தமிழாசிரியராகிய எமக்கு நெருக்கமானது அவரது மற்றொரு பணி. பழைய வடமொழி இரசவாத ஏடுகளைத் தேடித் திரட்டி, இந்து இரசாயன வரலாற்றை 1902இலும் 1909இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். தாய்மொழியிலே அறிவியல் வளரவேண்டுமெனவும் வற்புறுத்தினார். சில நூறு ரூபா முதலீட்டில் வீட்டிலே தொடங்கிய வங்க இரசாயன நிறுவனம் 1901இல் கம்பனியாயிற்று.

1916இல் பல்கலைக்கழக அறிவியற் கல்லூரிக்கு மாறினார். மணஞ்செய்யவில்லை. அறுபது வயது நிறைந்த 1921 முதல் 1936இல் ஓய்வுபெறும்வரை தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்திற்கே விட்டுக்கொடுத்தார். 1922இல் வட வங்கத்தை வெள்ளம் அழித்தபோது, ஆய்வுகூடத்தை விட்டு நிவாரணப் பணியில் இறங்கினார். மாணவரும் திரளாகப் பின்சென்றனர். மேகநாத சாகா, நீலரத்தன தார் ஆகியோர் அவரிடம் பயின்றவரே.

1944 ஜூன் 16ஆம் நாள், அறிவியற் கல்லூரியில் நெடுங்காலம் தாம் வாழ்ந்த எளிய அறையிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 82.