மலைகளைத் தாண்டிய மேஹர் சிங்

நம் திருமங்கலத்திற்கு அரிசியும் மருந்தும் நாள்தோறும் சாலை வழியே வந்து சேர்கின்றன. பகைவர் சூழ்ந்து சாலைகள் யாவும் அடைபட்டால் ஓர் ஊர் என்ன செய்யும்? அத்தகைய ஊர்களுக்கு வான்வழியே உயிர்கொடுத்தவர் ஏர் கமடோர் மேஹர் சிங்.

இவர் 1915-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் பஞ்சாபில் லாயல்பூர் மாவட்டத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் கிரான்வெல் கல்லூரியில் பயின்று, 1936-இல் விமானப்படை அதிகாரியானார். பர்மாப் போரில் காட்டிய தீரத்திற்காக 1944-இல் டி.எஸ்.ஓ. விருது பெற்றார். வீரர்கள் இவரை அன்புடன் பாபா என்று அழைத்தனர்.

1947-இல் நாடு விடுதலை அடைந்தபோது, நம் விமானப்படைக்குக் கிடைத்த போக்குவரத்து விமான அணி ஒன்றே ஒன்றுதான். அதிலிருந்தவை டகோட்டா விமானங்கள். ஒரு டகோட்டா சுமப்பது ஏறக்குறைய மூன்று டன். ஒரு லாரிச் சுமையில் பாதிகூட இராது. ஆகவே அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்குப் படைகளை அனுப்பத் தனியார் விமானங்களையும் திரட்ட வேண்டியதாயிற்று.

பூஞ்ச் நகரில் ஆயிரக்கணக்கான அகதிகள் பசியோடு முற்றுகையில் தவித்தனர். அவர்களும் சேர்ந்து உழைத்து அமைத்த சிறு ஓடுதளத்தில், அவ்வாண்டு டிசம்பரில் முதல் டகோட்டாவை மேஹர் சிங்கே இறக்கினார். பின்னர் இரவில், எண்ணெய் விளக்குகளின் ஒளியிலும் விமானங்கள் இறங்கின. உணவும் பீரங்கியும் வந்தன. நோயாளிகளும் அகதிகளும் வெளியேறினர்.

1948-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள், தளபதி திம்மய்யாவை உடன் அமர்த்திக்கொண்டு, சுமார் 11,500 அடி உயரத்திலுள்ள லே நகரில் இறங்கினார். அவ்வளவு உயரத்திற்காகச் செய்யப்பட்டதன்று டகோட்டா. சரியான வரைபடமும் இல்லை. அவருக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டே படையை விட்டு விலகிய அவர், 1952 மார்ச்சில் புயலில் சிக்கிய விமான விபத்தில் மறைந்தார்.

அவருடைய துணிவைப் போற்றும் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். விமானங்களின் குறையை எத்தனை காலம் மனிதரின் துணிவே ஈடுசெய்யும்? நாடும் இதை உணர்ந்தது. 1954-இல் பாக்கெட் விமானங்கள் வந்தன. மலைகளைத் தாண்ட வலுப்போதாமல், அவற்றின் முதுகில் ஜெட் என்ஜின் பொருத்தப்பட்டது. 1961-இல் ஆன்டனோவ்-12, 1984-இல் ஆன்டனோவ்-32, 2013-இல் எழுபது டன்னுக்கு மேல் சுமக்கும் சி-17 எனப் படை வளர்ந்தது. 2021-இல் 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தமாயிற்று; அவற்றுள் 40 நம் நாட்டு வடோதராவில் உருவாவதற்கானவை.

எத்தனை விமானம் வேண்டும் என்பது வெறும் கணக்கன்று. முற்றுகையில் காத்திருக்கும் குழந்தைக்கு இன்று உணவு வருமா, நாளை வருமா என்பதே அக்கணக்கு. தோழியரே, வீரர்களை வாழ்த்துவதோடு நில்லாமல், அவர்களுக்கு ஏற்ற விமானங்களை வடிவமைக்கும் அறிவையும் நாம் தேடிப் பெறுவோமாக!