தன் மணமாலையைத் தானே தொடுத்த கோதை

பாண்டி நாட்டுத் திவ்யதேசங்கள் 18இல் ஒன்றாகிய ஸ்ரீவில்லிபுத்தூரிலே, வடபெருங்கோயிலுடையானுக்குப் பூமாலை கட்டிச் சமர்ப்பிக்கும் கைங்கரியத்தையே வாழ்வாகக் கொண்டிருந்தவர் விஷ்ணுசித்தர். எம்பெருமானுக்குச் செய்யத்தக்க தொண்டுகள் எத்தனையோ இருக்க, இவர் பூத்தொண்டைத் தேர்ந்ததற்குப் பூர்வாசாரியர்கள் ஒரு காரணம் அருளிச்செய்வர். கம்ஸனை வதைக்க மதுரையில் புகுந்த கண்ணன், அந்நகரிலே தானாகச் சென்று கை நீட்டிப் பெற்றுக்கொண்டது மாலாகாரர் வீட்டுப் பூமாலையைத்தான். ஆதலின் அவனுக்கு மிகவும் உகந்தது இதுவே என்று தெளிந்து, ஒரு நந்தவனம் அமைத்தார். பிற்காலத்தில் வல்லபதேவ பாண்டியன் சபையிலே பரதத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்றதும், யானைமேல் பவனி வருகையில் வானில் கருடவாகனனாய்த் தோன்றிய பெருமானுக்கே பல்லாண்டு பாடிப் பெரியாழ்வார் என்று பெயர் பெற்றதும் யாவரும் அறிந்தவை. அத்தனை பெருமைக்குப் பிறகும் அவர் திரும்பி வந்தது பூக்குடலையிடமே.

நந்தவனக் கைங்கரியம் என்பது பூப்பறித்துக் கட்டுவதோடு முடிந்துவிடுவதன்று. பாத்தி கட்டுதல், நீர் இறைத்தல், களை பறித்தல் இவையெல்லாம் தொண்டனுடைய கையாலேயே நடக்கவேண்டும். நீராடித் தூயனாய் வந்து பறிக்கவேண்டும். தரையில் வீழ்ந்த பூ ஆகாது, வாடியது ஆகாது, பூச்சி அரித்தது ஆகாது. முகர்ந்த பூ அறவே ஆகாது. ஒருவர் சூடிய பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. பெரியாழ்வாருக்குப் பூக்களிடமிருந்த பழக்கம் அவருடைய திருமொழியிலேயே தெரியும். கண்ணனைப் பூச்சூட வருமாறு யசோதை அழைப்பதாக அவர் அருளிய 10 பாசுரங்களில் செண்பகம், மல்லிகை, பாதிரி, செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை என்று ஒரு தோட்டமே மலர்ந்திருக்கிறது.

அந்த நந்தவனத்திலே, ஓர் ஆடி மாதப் பூர நன்னாளில், துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தையை ஆழ்வார் கண்டெடுத்தார். இந்த அவதாரத்தைக் குருபரம்பரை கலியுகத் தொடக்கத்தில் வைக்கும். ஆராய்ச்சியாளர் பலர் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என்பர். ஆழ்வார் குழந்தைக்குக் கோதை என்று திருநாமம் சாற்றினார். தமிழில் கோதை என்றால் மாலை. பெண்ணின் கூந்தலுக்கும் அதுவே பெயர். மாலையும் கூந்தலும் ஒரு சொல்லில் கூடிய அப்பெயரை அவர் எதை நினைத்து இட்டாரோ, பின்னே நடந்ததற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை.

தாயில்லாத வீடு. தகப்பனாருக்கோ பொழுதெல்லாம் நந்தவனமும் சந்நிதியுமே. ஆகவே கோதைக்கு விளையாட்டும் பூ, படிப்பும் பூ, கேட்ட கதைகளெல்லாம் கண்ணன் கதைகள் என்று ஆயின. வாழை நாரை நீரில் நனைத்துக் கிழிக்கவும், துளசியை இடையிடையே வைத்துத் தொடுக்கவும் தகப்பனார் கையைப் பார்த்தே கற்றிருப்பாள். வயது ஏற ஏற, அந்த மாலை போய்ச் சேருமிடத்தின்மேல் மனம் சென்றது. மானிடர் எவரையும் மணப்பதில்லை, அவனையே மணப்பது என்று உறுதி கொண்டாள். அந்த உறுதி பிறந்த பிறகு, பெருமாளுக்கென்று வீட்டில் கட்டி வைத்த மாலை அவளுக்குத் தன் மணமாலையாகவே தோன்றியது. அவனுக்குத் தான் ஒப்பாவோமா என்று பார்க்க, ஆழ்வார் இல்லாத சமயத்தில் அதை எடுத்துக் கழுத்தில் இட்டுக்கொண்டு, கிணற்று நீரில் தன் சாயலைக் கண்டு, மீண்டும் களைந்து குடலையில் வைத்துவிடுவாள். கண்ணாடிக் கிணறு என்று வழங்கும் அக்கிணற்றை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருக்கோயிலில் சேவிக்கலாம்.

ஒரு நாள் ஆழ்வார் இதைக் கண்டுவிட்டார். மாலையில் சுற்றியிருந்த ஒரு முடியினால் தெரிந்துகொண்டார் என்பது மக்கள் வழங்கும் கதை. எப்படித் தெரிந்ததாயினும் அவர் நெஞ்சு பதறியது உண்மை. இந்த இடத்தில் கோதையைக் கொண்டாடும் வேகத்தில் பலரும் ஆழ்வாருடைய துயரத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர், அது தகாது. பெருமாள் சூடிக் களைந்ததைத் தாம் சூடுவதே அடியாருக்கு இலக்கணம் என்று திருப்பல்லாண்டில் பாடியவர் அவர். உடுத்ததும் உண்டதும் அவன் கழித்த மிச்சமே. அந்த நெறியைத் தம் வீட்டிலே தம் பெண்ணே தலைகீழாக்கிவிட்டாள். எத்தனை நாளாக இது நடந்தது, எத்தனை மாலை இவ்வாறு சந்நிதிக்குச் சென்றது என்பதும் தெரியாது. அபசாரம் நேர்ந்ததென்று பெண்ணைக் கடிந்து, அன்று மாலை சாற்றாமலே நின்றுவிட்டார்.

அன்றிரவு எம்பெருமான் ஆழ்வாருடைய கனவில் எழுந்தருளி, மாலை வராத காரணத்தைக் கேட்டான். ஆழ்வார் நடுங்கி விண்ணப்பம் செய்ய, அவள் சூடிய மாலையே தனக்கு மணமுடையது என்றும், இனி அதையே கொணர வேண்டும் என்றும் நியமித்தான். ஆகமம் விலக்கிய பூவை ஆகமத்துக்கு உரியவனே கேட்டு வாங்கினான். அன்று முதல் கோதைக்குச் சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்றும், அவனையே ஆண்டதனால் ஆண்டாள் என்றும் திருநாமங்கள் வழங்கலாயின. விஜயநகரத்தை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இச்சரிதத்தைக் காவியமாக்கியபோது, சூடிக் கொடுத்தவள் என்னும் பொருள்பட ஆமுக்தமால்யதா என்றே பெயரிட்டார். வேதாந்த தேசிகன் (1268–1369) கோதா ஸ்துதியின் 29 சுலோகங்களில் அம்மாலையின் பெருமையையும் பாடியுள்ளார். கனவில் பிறந்த அந்த நியமனம் இன்றளவும் நடைபெறுகிறது. புரட்டாசி பிரம்மோத்ஸவத்துக்குத் திருமலைக்கும், சித்திரையில் வைகையில் எழுந்தருளும் கள்ளழகருக்கும், ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே செல்கிறது.

மாலையை அவன் ஏற்றுக்கொண்டான். ஆனால் மணக்க வரவில்லை. ஆண்டாளின் பாசுரங்கள் யாவும் இந்தக் காத்திருப்பில் பிறந்தவை. திருப்பாவை 30 பாசுரங்களில் ஆயர் சிறுமியருள் ஒருத்தியாகத் தன்னைப் பாவித்து மார்கழி நோன்பு நோற்கிறாள். பெருமாளின் மாலையையே அணிந்து பார்த்த அவள், அந்நோன்பில் கூந்தலுக்குப் பூ முடிப்பதில்லை என்று விரதம் கொள்வது கவனிக்கத்தக்கது. அவனுக்கு மலர் தூவுவது உண்டு, தனக்கு இல்லை. நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களுக்கு வந்தாலோ ஆற்றாமை மிகுகிறது. துளசி வனத்தில் வளர்ந்த பெண், தை மாதத்தில் ஊமத்தம் பூவும் முருக்கம் பூவும் கொண்டு காமதேவனை மூன்று பொழுதும் தொழுகிறாள். வைஷ்ணவ குலத்தில் பிறந்தவள் வேறொரு தெய்வத்தை நாடலாமோ என்று ஐயுறுவோருக்கு, வேட்கை மிகுந்த கலக்கத்தில் செய்தது என்று உரையாசிரியர் சமாதானம் கூறுவர். பின்னும் நாள் செல்ல, அவளுக்குப் பழகிய பூக்களே பகையாகின்றன. காயாவும் கருவிளையும் அவன் நிறத்தைக் காட்டி வருத்துகின்றன. காந்தள் அவளைச் சுடுகிறது. முல்லை அவளைப் பார்த்துச் சிரிக்கிறது.

வாரணமாயிரம் என்று தொடங்கும் திருமொழியில் அவள் தன் திருமணத்தைக் கனவாகக் கண்டு தோழிக்கு உரைக்கிறாள். மணமகன் ஊர்வலம், பந்தல், காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என்று நம் இல்லங்களில் நடப்பவை ஒன்றும் விடாமல் வருகின்றன. அக்கனவில் கூறைப்புடைவை உடுத்து மணமாலை சூட்டுபவள், நாத்தனார் முறையிலே வரும் துர்க்கை. நனவில் தன் மணமாலையைத் தானே எடுத்துச் சூடிப் பார்க்க வேண்டியிருந்தவளுக்கு, கனவிலே சூட்டுவதற்குப் புக்ககத்து உறவு ஒன்று வாய்த்தது. இன்னொரு திருமொழியில், அவனுடைய துளசி மாலையைக் கொணர்ந்து தன் குழலில் சூட்டுங்கள் என்று வீட்டாரை இறைஞ்சுகிறாள். தான் சூடியது அவனிடம் சென்றாயிற்று. அவன் சூடியது இன்னும் வரவில்லை. மாலை மாற்றும் சடங்கில் பாதியே நிறைவேறி நின்ற நிலை அது.

மகள் நிலை கண்டு ஆழ்வார் கலங்கியிருக்க, திருவரங்கச் செல்வன் கனவில் தோன்றி அவளைத் திருவரங்கத்துக்கு அழைத்து வருமாறு நியமித்தான். பாண்டியன் வழியெல்லாம் நீர் தெளித்து, தோரணமும் வாழையும் கமுகும் நாட்டிச் சிறப்புச் செய்தான். மூடு பல்லக்கில் திருவரங்கம் சேர்ந்த ஆண்டாள், மணக்கோலத்துடன் பெரிய பெருமாள் சந்நிதியில் புகுந்து, அரவணையை மிதித்தேறி, அவன் திருமேனியிலே மறைந்தாள் என்பது குருபரம்பரை.

உலகத்தார் வியந்து நிற்க, ஆழ்வார் தனியே ஊர் திரும்பினார். பெண்ணைக் காணாத வீட்டைப் பனி பெய்து பூவிதழ்கள் உதிர்ந்த தாமரைக் குளத்துக்கு ஒப்பிட்டு அவர் ஒரு பதிகம் அருளியிருக்கிறார். ஒரே மகளைப் பெரிய பிராட்டியைப் போல் வளர்த்ததும், அவளைக் கண்ணன் கொண்டு சென்றதும் அங்கே வருகின்றன. ஆயர் குலத்துத் தாயின் பேச்சாக அமைந்ததாயினும், அதைச் சேவிக்கும் அடியார்கள் நெஞ்சு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டையே நினைக்கும். மாமனார் முறையாகிவிட்டோம் என்று ஆழ்வார் கைங்கரியத்தை விட்டுவிடவில்லை. நந்தவனத்துக்குத் திரும்பி, மீண்டும் வடபெருங்கோயிலுடையானுக்கு மாலை கட்டலானார்.

ஊரறிய மணம் நடக்கவில்லையே என்ற ஆழ்வாரின் குறையைத் தீர்க்க, அரங்கனே பங்குனி உத்திர நன்னாளில் கருடன்மேல் விரைந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளி ஆண்டாளைக் கைப்பிடித்தான் என்று ஸ்தல ஐதிஹ்யம். அந்தத் திருக்கல்யாணம் ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தில் நடைபெறுகிறது. ஆண்டாளின் இடத் திருக்கையில் அமரும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவதும் பூத்தொண்டின் ஒரு பகுதியே. மாதுளம் பூவால் அலகும், மரவள்ளி இலையால் உடலும் அமைத்து, வாழை நாரால் கட்டுவர்.

மற்றத் திவ்யதேசங்களில் பெருமாளுக்கு எதிரே நிற்கும் கருடாழ்வார், இங்கே கர்ப்பக்கிருஹத்துக்குள்ளேயே ரங்கமன்னாருக்கு ஒரு புறம் நிற்கிறார், மறுபுறம் ஆண்டாள். பெரியாழ்வாரைக் கருடாம்சமாகவே பெரியோர் கொள்வராதலின், மகளும் மருமகனும் நிற்கும் இடத்தில் கை கூப்பி நிற்பவர் யார் என்பதைச் சேவார்த்திகள் அறிவார்கள்.