சித்திரவதையை எதிர்த்த பெக்காரியா

குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டி வைத்து வதைப்பார்கள். வலி தாங்காமல் அவர் ஒப்புக்கொண்டால், அதையே சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள். 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல நாடுகளில் இதுதான் சட்டம். இதை எதிர்த்து ஒரு சிறு புத்தகம் எழுதி, உலகையே சிந்திக்க வைத்தவர் செசரே பெக்காரியா.

இத்தாலியில் உள்ள மிலான் நகரில், 1738-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி ஒரு பிரபு குடும்பத்தில் அவர் பிறந்தார். பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, 1758-ல் பட்டம் பெற்றார். 1761-ல், தந்தையின் எதிர்ப்பையும் மீறித் தெரசா பிளாஸ்கோவை மணந்தார்.

சிறையைக் கண்ட நண்பர்

பியட்ரோ வெர்ரி, அலெசாண்ட்ரோ வெர்ரி என்ற சகோதரர்கள் அவருடைய நெருங்கிய நண்பர்கள். அலெசாண்ட்ரோ, மிலான் சிறைக் கைதிகளின் நலன் காக்கும் பதவியில் இருந்தவர். கைதிகள் படும் பாடு அவர் மூலம் பெக்காரியாவுக்குத் தெரிந்தது. பியட்ரோ எழுதும்படி தூண்டினார். 1764-ல் "குற்றங்களும் தண்டனைகளும்" என்ற நூல் வெளிவந்தது. ஆபத்துக்கு அஞ்சி, ஆசிரியர் பெயர் போடாமலே அச்சிட்டார்கள். அப்போது பெக்காரியாவுக்கு வயது 26.

திடகாத்திரமான குற்றவாளி வதையைத் தாங்கிக்கொண்டு தப்பிவிடுவான்; நோஞ்சானான நிரபராதியோ செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு சாவான் என்று அவர் எடுத்துக்காட்டினார். தண்டனை பழிவாங்குவதற்கு அல்ல, மேலும் குற்றம் நடக்காமல் தடுப்பதற்கே என்றார். கொடிய தண்டனையைவிட, தப்பாமல் விரைவில் கிடைக்கும் சிறு தண்டனையே குற்றத்தைக் குறைக்கும் என்பது அவர் கொள்கை. பிரபுவுக்கும் ஏழைக்கும் ஒரே தண்டனை வேண்டும், மரண தண்டனை கூடாது என்றும் வாதாடினார்.

புகழுக்குக் கூச்சம்

1766-ல் கத்தோலிக்கத் திருச்சபை நூலைத் தடை செய்தது. அதே ஆண்டு பாரிஸ் அறிஞர்கள் அவரை அழைத்துப் பாராட்டினார்கள். கூச்ச சுபாவம் உள்ள அவர், சில வாரங்களிலேயே ஊர் திரும்பிவிட்டார். ரஷ்ய மகாராணி கேத்தரின் அழைத்தும் போகவில்லை. 1768-ல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். பிறகு மிலான் அரசாங்கத்தில் சேர்ந்து, நாணயம், எடை அளவை, தானியம் பற்றிய அலுவல்களைக் கவனித்தார்.

1786-ல் இத்தாலியின் டஸ்கனி நாடு மரண தண்டனையையும் சித்திரவதையையும் ஒழித்தது. அதைக் கண்ணாரக் கண்ட பெக்காரியா, 1794-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி மிலானில் காலமானார்.

சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஐ.நா. சபை 1984-ல் ஏற்றது. அந்தச் சிறு புத்தகம் வெளிவந்து அப்போது 220 ஆண்டுகள் ஆகியிருந்தன.