அளந்து பதில் சொன்ன அறிஞர்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில் கிருஷ்ணகிரியைக் கடந்து ஓசூரை நெருங்குவோர், அவ்வெல்லைப் பிரதேசம் யந்திரத் தொழிலுக்கு இருப்பிடமாகிவிட்டதைக் காண்பார்கள். மோட்டார் வண்டிகளில் முன்னாளில் உலோகத்தால் அமைந்த உறுப்புகள் பல, இந்நாளில் நைலான் முதலிய பாலிமர்களாலும் அவற்றின் கலவைகளாலும் செய்யப்படுகின்றன. இப்பொருள்களின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகும். அச்சங்கிலிகள் எவ்வளவு தூரம் ஒழுங்காக அடுங்கிப் படிகமாகின்றன, எந்த உஷ்ணத்தில் அவ்வொழுங்கு குலைகிறது என்ற இரண்டையும் அறியாது அவற்றைக் கலந்து வார்ப்பவன் இருட்டில் நடப்பவனே. இயற்கை செய்த இத்தகைய சங்கிலிப் பொருளொன்றின் அந்தரங்கத்தைச் சென்னையிலிருந்தே கண்டு உலகுக்கு உரைத்தவர் நம்மவர் ஒருவர். அவர் சரித்திரத்தை நம் வாலிபர்கள் அறிதல் அவசியம்.

திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஜி. என். ராமச்சந்திரன், 1922-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணித ஆசிரியர். திருச்சி செயிண்ட் ஜோசப் கலாசாலையில் பௌதிகம் பயின்று, 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் மின்சாரப் பொறியியல் மாணாக்கராகச் சேர்ந்தார். ஸர் சி. வி. ராமன் அவருடைய திறமையைக் கண்டு பௌதிகத்திற்கே மீட்டுக்கொண்டார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்து தாயகம் திரும்பினார். 1952-ல், முப்பது வயதை எட்டும் தருவாயில், சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியரானார்.

அவ்வருஷம் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் தெரிவித்தார். தோலுக்கும் தசைநாருக்கும் வலிமை தருவது இதுவே. பச்சைத் தோலை ஏறக்குறைய 60 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள நீரில் இட்டால் சுருங்கிவிடும். மேலும் காய்ச்சினால் ஜெலட்டினாகக் கரையும். குரோமியத்தால் பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். தோல் தொழிலாளர் அனுபவத்தில் கண்ட இவ்விஷயத்திற்குக் காரணம் மூலக்கூற்றில் அன்றோ இருக்க வேண்டும்?

மத்திய தோல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் கங்காருவின் வால் நாரிலிருந்து எடுத்த கொல்லாஜனை உதவினர். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதனுள் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். இப்புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம். மூன்று சங்கிலிகள் சேர்ந்து அமைந்தால், நடுவிலுள்ள இடுக்கில் அது ஒன்றே அடங்கும் என்று அவர்கள் கண்டனர். 1954-ல் இவ்வமைப்பை வெளியிட்டனர். 1955-ல் அம்மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாகத் திருத்தினர். உஷ்ணம் ஏறினால் முறுக்கு அவிழ்கிறது. ஆறினால் ஓரளவு மீண்டும் முறுக்கிக்கொள்கிறது. ஜெலட்டின் உறைவது இதனாலேயே. பதனிடும் குரோமியமோ அவிழவொட்டாமல் பிணைத்துவிடுகிறது.

அவ்வருஷமே கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக், ரிச் என்னும் இருவர் ஆக்ஷேபித்தனர். சில இடங்களில் அணுக்கள் தகாத அளவு நெருங்கியுள்ளன என்பதும், சங்கிலிகளுக்கிடையே பிணைப்பு மும்மூன்று அமிலங்களுக்கு ஒன்றே இருக்கலாம் என்பதும் அவர்கள் வாதம். பிணைப்பின் எண்ணிக்கையில் அவர்கள் கூற்றே பின்னர் நிலைத்தது. மூன்று சங்கிலிக் கயிறு என்ற மூலக் கருத்தோ சென்னையில் பிறந்ததாகவே நிற்கிறது.

இவ்விடத்தில்தான் ராமச்சந்திரனின் பெருமையை நாம் உணர வேண்டும். அயலார் ஆக்ஷேபித்தால் அவமதிப்பென்று கூச்சலிடுவோரும், அவர் சொல்லே வேதமென்று பணிவோரும் நம்மில் உண்டு. அவர் இரண்டும் செய்யவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கேட்டு, அதுவரை தெரிந்திருந்த படிகங்களிலெல்லாம் அணுக்களின் இடைவெளிகளைத் தொகுத்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவருடன் கணக்கிட்டு, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கக்கூடும், எவற்றில் கூடாது என்பதை 1963-ல் ஒரு படமாக வெளியிட்டார். புதிதாகக் காணப்படும் புரத அமைப்புகளை உலகெங்கும் இன்று ராமச்சந்திரன் படத்தைக் கொண்டே சோதிக்கின்றனர். ஆக்ஷேபணை அவருக்கு உரைகல்லாயிற்று.

1971-ல் பெங்களூர் சென்று மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1977-ல் லண்டன் ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. நோபல் பரிசு கிட்டவில்லை. 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் காலமானார்.

தோல் ஸ்தாபனம் பொருளைத் தந்தது. சர்வகலாசாலை அறிவைத் தந்தது. இரண்டும் கைகோத்ததால் வந்த பலன் இது. ஓசூர்த் தொழிற்சாலைகளும் அருகிலுள்ள கலாசாலைகளும் அவ்விதமே கூடி உழைக்க வேண்டும். பிறர் அளந்து அனுப்பிய கணக்கைக் கொண்டு வார்ப்பதோடு திருப்தியடையலாகாது. எப்பொருள் எவ்வுஷ்ணத்தில் உறையும், எதனோடு கலந்தால் வலுக்கும் என்பதை நம் வாலிபர்கள் தாமே அளக்கட்டும். அப்பொழுதே தொழில் நமதாகும்.