அன்னா என்ற அன்னம்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு, ஆனால் டெக்னிக்கலாக வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள் என்று சங்கச் செயலாளர் போனிலேயே சொல்லிவிட்டார். மெக்கானிக்கல்காரன் வேறு எதைத்தான் எழுதுவான்? அதனால் ஒரு நடனமணியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே, கடைசியில் நம்ம வொர்க்‌ஷாப்புக்குத்தான் வந்து சேருவேன்.

என் மகள் பரதநாட்டியம் கற்றுக்கொள்கிறாள். வகுப்பு முடியும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களில் நானும் ஒருவன். ஒருநாள் அவளுடைய டீச்சர் குழந்தைகளுக்குக் கலாக்ஷேத்ரா உருவான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய பாலே நடனமணியின் பெயர் வந்தது. யார் இந்த அம்மாள் என்று படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் சில ராத்திரி தூக்கமே போச்சு.

1881 பிப்ரவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தவர் அன்னா. அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். சின்ன வயசில் மரீன்ஸ்கி தியேட்டரில் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ பாலேயைப் பார்த்த அன்றே, ஆடினால் இந்த மேடையில்தான் ஆடுவது என்று முடிவு கட்டிவிட்டார். அரசாங்க பாலே பள்ளியில் முதல் தடவை சேர்த்துக்கொள்ளவில்லை. விடாமல் மறுபடி முயன்று 1891-இல் பத்து வயசில் உள்ளே நுழைந்தார்.

நுழைந்துவிட்டால் போதுமா? அந்தக் காலத்தில் கட்டுமஸ்தான உடம்புக்காரிகளுக்குத்தான் மதிப்பு. இத்தாலியிலிருந்து வந்த பியரினா லெக்னானி ஒற்றைக் காலில் நின்று 32 சுற்றுச் சுற்றிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். அன்னாவோ ஈர்க்குச்சி. கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர் துடைப்பம். (பட்டப்பெயர் வைப்பது நம்ம ஹாஸ்டலின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்!) போதாக்குறைக்குப் பாதம் வில் மாதிரி வளைந்திருக்கும். நுனிக்காலில் நின்றால் பார்க்க அழகுதான். ஆனால் உடம்பின் கனம் முழுவதும் பெருவிரலில் இறங்கும், வலி உயிர் போகும்.

பாவெல் கெர்த் என்ற ஆசிரியர் மட்டும், சர்க்கஸ் வித்தையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு உன்னிடம் இருக்கிற மென்மையை வளர்த்துக்கொள் என்று வழிகாட்டினார். 1899-இல் படிப்பு முடிந்தது. 1906-இல் மரீன்ஸ்கியின் தலைமை நடனமணி.

இனி இன்ஜினியர் பேசுகிறேன். பாலே காலணி வெளியே பளபளக்கும் சாட்டின். உள்ளே துணியையும் பசையையும் அடுக்கடுக்காக வைத்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். அன்னா தன் காலணியின் அடியில் கெட்டியான தோல் பட்டை கொடுத்தார், நுனியைத் தட்டையாக்கி உறுதிப்படுத்தினார். தாங்கும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், ஸ்கூலில் படித்த பாடம்தானே! ஆனால் சக நடனமணிகள் இதை ஏமாற்று வேலை என்றார்கள். அவருக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கிறது. போட்டோக்களில் காலணி நுனியைக் கூராகத் தெரியும்படி திருத்தச் செய்வாராம். இன்று உலகம் முழுக்க பாலே பெண்கள் போடுவது கெட்டி நுனிக் காலணிதான்.

அந்தக் காலணியில் நின்றுதான் ‘சாகும் அன்னம்’ ஆடினார். மிகைல் ஃபோக்கின் அவருக்காகவே அமைத்த தனி நடனம். மொத்தம் மூணு நாலு நிமிஷம்தான். துள்ளல், தாவல் எதுவும் கிடையாது. நுனிக்காலில் சின்னச் சின்ன அடி வைத்து மிதப்பார், கைகள் சிறகாகும், கடைசியில் தரையில் மடங்கிச் சாய்வார். உடை லியோன் பாக்ஸ்ட் வடிவமைத்தது. மெல்லிய வலைத்துணியை அடுக்கித் தைத்த வெள்ளைக் குட்டைப் பாவாடை, அதன்மேல் இடுப்பின் இருபக்கமும் இறகுகள்.

1920-களில் பாலே உலகம் வேகமாக மாறியது. டியாகிலெவின் குழுவுக்குப் பிக்காஸோ திரை வரைந்தார். 1924-இல் கோகோ ஷனேல் நடனக்காரர்களுக்கு நீச்சல் உடையே மாட்டிவிட்டார். அன்னா அதே வெள்ளை இறகோடு நின்றார். பழைய பஞ்சாங்கம் என்று சிலர் கிண்டல் செய்தார்கள். அவரோ சொந்தக் குழுவோடு கப்பலும் ரயிலுமாக, பாலே என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய் ஆடினார். மெக்ஸிகோவில் காளைச் சண்டை மைதானத்தில்கூட ஆடியிருக்கிறார்!

இந்தியாவுக்கும் வந்தார். இங்கே பார்த்ததை மறக்காமல் 1923-இல் லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதயசங்கரைச் சேர்த்துக்கொண்டு ராதா கிருஷ்ணன் நடனம் அமைத்தார். சில வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும்போது ருக்மிணி தேவி பழக்கமானார். அன்னாவின் குழுவில் இருந்தவரிடம் பாலே கற்ற ருக்மிணி தேவியை, உங்கள் நாட்டுக் கலையைத் தேடுங்கள் என்று திருப்பிவிட்டவர் அன்னா. 1936-இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. என் மகளின் டீச்சர் சொன்ன கதை இதுதான்.

அதைப் பார்க்க அன்னா இல்லை. 1931 ஜனவரி 23-ஆம் தேதி, ஐம்பது வயசுக்கு மூணு வாரம் இருக்கும்போது, ஹாலந்தின் ஹேக் நகர ஹோட்டலில் நுரையீரல் நோயில் காலமானார். கடைசியாகக் கேட்டது அன்ன உடையைத்தான் என்று இன்றும் சொல்வார்கள். பின்பு நடந்த நிகழ்ச்சியில் அந்த இசையை வாசித்தார்கள். ஆள் இல்லாத மேடையில் விளக்கொளி மட்டும் நகர்ந்ததாம்.

வொர்க்‌ஷாப்புக்கு வருகிறேன் என்றேனே. முதல் வருஷம் பஞ்ச் பிடித்தால் என் கை நடுங்கும், புள்ளி எங்கோ போய் விழும். நீ இதற்கு லாயக்கில்லை, வேறு வேலை பார் என்றார் ஒருவர். ஃபிட்டிங் அரியர். மறுபரீட்சைக்கு முன்னால் ஒரு இரும்புத் துண்டில் ஓட்டை போட்டு, அதற்குள் பஞ்சை நிறுத்தி அடித்துப் பழகினேன். பேட்ச் பசங்க ஏமாத்து வேலைடா என்றார்கள். நானும் வெட்கப்பட்டு அதை டிரங்குப் பெட்டியில் ஒளித்துவைத்தேன். இன்று என் சம்பளமே அதற்குத்தான். ஜிக், ஃபிக்ஸ்சர் டிசைன்! கை நடுங்குகிற தொழிலாளியும் சரியான இடத்தில் ஓட்டை போடவேண்டும், அதுதான் என் வேலை.

முதல் வருஷத்துத் தம்பி தங்கைகளே, உங்களில் யாராவது டிரங்குப் பெட்டியில் எதையாவது ஒளித்துவைத்திருந்தால், சந்திப்பு நாளன்று கொண்டுவந்து காட்டுங்கள். நான் கேண்டீன் பக்கம்தான் இருப்பேன். டீ என் செலவு.